கெய்ரோவில் இறங்கி லண்டன் வந்தவளுக்கு

என் சரோஜாவுக்கு,

போன வாரம் விஜயா நம் வீட்டுக்கு வந்திருந்தாள். லண்டனில் ஏறியவள் நடுவில் எங்கும் இறங்கவில்லையாம். பத்து மணி நேரத்தில் சென்னை, அங்கிருந்து காரில் நேராகப் பெரிய காஞ்சிபுரம். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அக்காவும் நானும் போனப்ப எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று கூட வந்த தன் மகனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்குத் தெரியாதா? எழுபதுகளின் தொடக்கம் அது. லண்டனில் ரொட்டி ஆலை வேலைக்குப் போன நான், வயிற்றில் ஆபரேஷன் ஆகி, தேறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தந்தியைப் பார்த்த உன் அண்ணன், "எட்டாயிரம் கிலோமீட்டர்மா. மெட்ராஸைத் தாண்டாதவ, ஒண்டியா எப்படிப் போவே?" என்றாராம்.

"அவரு அங்க ஒண்டியாதானே படுத்துக்கினு இருக்காரு?" என்று நீ கேட்டாயாம். பாஸ்போர்ட்டுக்கும் நீயேதான் அலைந்தாய்.

மீனம்பாக்கத்தில் ஏறி, பம்பாயில் வேறு விமானம் மாறினாய். கெய்ரோவில் இன்ஜின் பழுது என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கேதான் விஜயா தேம்பிக்கொண்டு இருந்தாள். நெல்லூர்ப் பெண், கல்யாணம் முடிந்து முதல்முறையாகப் புருஷனிடம் போகிறவள். நம் தெருவில் கேட்டுப் பழகிய தெலுங்கில், "அழாதேம்மா, நான் இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாய். அங்கே காத்துக் கிடந்த இரண்டு நாளும் அவள் கையை நீ விடவில்லையாமே?

லண்டனில் என் அறைக்கூட்டாளி தாஸ் உன்னை அழைக்க வந்திருந்தான். விஜயாவின் புருஷன் வரவில்லை. பர்மிங்காமிலிருந்து வந்து காத்திருந்தவர், விமானம் எப்போது வரும் என்று தெரியாமல் திரும்பிப் போயிருந்தார். தாஸ், "அவங்க ஆளு வருவாருக்கா, நாம கிளம்பலாம்" என்றான். "தெரியாத ஊர்ல இந்தப் பொண்ண விட்டுட்டு வரமாட்டேம்பா" என்றாய். அவர் வந்தால் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி விலாசத்தை விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

கண்ணைத் திறந்தால் கட்டிலருகே இரண்டு பெண்கள், இரண்டு பெட்டிகள்! "இன்னாங்க இப்படி இளைச்சுட்டீங்க? எழுந்து உக்காருங்க" என்றாய். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் விஜயாவின் புருஷன் வந்து, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, அவளை அழைத்துப் போனார்.

"பயமா இல்லையா?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "இல்லாம இன்னா? அவ இன்னும் அழுவாளேன்னு காட்டிக்கல" என்று சிரித்தாய். அவ்வளவு பயத்தை எங்கே வைத்திருந்தாய், சரோஜா?

இங்கே ஒரு சேதி. டொராண்டோவில் நம் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்த வயதில் அவ்வளவு தூரமா என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். விஜயா கிளம்பிய அன்றே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன். அந்தக் குழந்தையை மடியில் வைத்து, நீ யார் என்று நானே அவளுக்குச் சொல்வேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
முருகேசன்