அந்தப் புள்ளிக்கு நீ அடித்த விசில்

நண்பா,

முந்தாநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மைதாப் பசை வாசனை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் ஈரம் காயாத போஸ்டர். அந்த விண்வெளிப் படம் மறுபடியும் வந்திருக்கிறது! திண்டிவனம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் என்னைத்தான் கூப்பிடுகிறார். விட்டுவிட்டேன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்ட வாங்கிய காப்பர் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே மேட்னிக்கு நடந்தேன். கடையில் நாலு மோட்டார் காத்துக் கிடக்கிறது. எல்லாம் உன் சகவாசம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நாம் படம் பார்க்கக் கிளம்பவில்லை. உன் மகள் கயலின் நிச்சயதார்த்தப் பத்திரிகையை எழுதி எடுத்துக்கொண்டு, விழுப்புரத்தில் அச்சுக்குக் கொடுக்கக் கிளம்பினோம். அவளுக்கு நார்வேயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் செய்தி வந்த பதினைந்தாம் நாளே நீ கண்டமங்கலத்தில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டாய். "அவ்ளோ தூரத்துல ஒரு ஆத்திரம் அவசரம்னா யாருடா போய்ப் பாக்கறது? கண்டமங்கலம்னா நம்ம மயிலத்துலேர்ந்து பைக்க எடுத்தா ஜல்தியா போய்டலாம்" என்றாய். கயல் எதிர்த்துப் பேசவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்காக நான் பேச வந்தபோது, "உனக்குப் பொண்ணு கெடையாது, உனக்குத் தெரியாது" என்று வாயை அடைத்தாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அச்சகக்காரர் சாப்பிடப் போயிருந்தார், சாயந்திரம்தான் வருவாராம். வெயில் மண்டையைப் பிளந்தது. "ஏசி தியேட்டர்ரா, வா, போய்த் தூங்கலாம்" என்றாய். என்ன படம் என்றுகூட நாம் பார்க்கவில்லை.

உனக்குப் படம் என்றால் ஹீரோ என்ட்ரி வேண்டும். முதல் நாள் காட்சிக்குச் சட்டைப்பை நிறையப் பேப்பரைக் கிழித்து எடுத்துவந்து, ஹீரோ முகம் தெரிந்ததும் விசிலோடு மேலே வீசுகிற ஆள் நீ. இந்தப் படத்தில் அப்படி யாரும் வரவில்லை. ஆறு பேர் ஒரு கப்பலில் சனிக் கிரகத்தையும் தாண்டிப் போகிறார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. "இன்னாடா, ஹீரோவே வர மாட்டேன்றான், பேஜாரா கீது" என்று இடைவேளை வரை முனகினாய். ஆனால் தூங்கவில்லை! சனியின் வளையங்கள் திரை கொள்ளாமல் விரிந்தபோது நகம் பதிய என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய்.

அப்புறம் அந்த இடம். கப்பலில் இருக்கும் பெண் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிறாள். வெளியே ஒரே கறுப்பு. அதற்குள் ஒரு நீலப் புள்ளி, ஒரு கேப்பை மணி அளவுகூட இல்லை. அதுதான் பூமி. அதற்குள் தன் அம்மா வீட்டைத் தேடுகிறாள், தான் படித்த பள்ளிக்கூடத்தைத் தேடுகிறாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. நம்முடைய வரப்புத் தகராறு, வீராப்பு, கல்யாணம், கருமாதி அத்தனையும் அதற்குள்ளா? பயமாகவும் இருந்தது, எழுந்து குதிக்கவும் தோன்றியது.

நீ மெல்லக் கேட்டாய். "டேய், கண்டமங்கலம் அதுலதான கீது?"

"ஆமாண்டா."

"நார்வே?"

"அதுவும் அதுலதான்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூலுகூடப் பூராது போலக்கீதே!"

அடுத்த நொடி எழுந்து நின்றாய். "ஹீரோ வந்துட்டான்டா!" என்று கத்தினாய். காதைக் கிழிக்கும் விசில். சட்டைப்பையில் இருந்த ஒரே பேப்பரை எடுத்துப் பரபரவென்று கிழித்துத் திரை வெளிச்சத்தில் வீசினாய். பின்னாலிருந்து ஒருவர் "யோவ், உக்காருய்யா!" என்றார். முன்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துப் பதில் விசில் அடித்தார்கள். பிறகு தியேட்டரே கைதட்டியது, அந்தப் புள்ளிக்கு! என் மடியில் வந்து விழுந்த துண்டில் மாப்பிள்ளையின் பெயரில் பாதி இருந்தது.

"தெரிஞ்சுதான் கிழிச்சியா?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"எடுக்கும்போது தெரியாது. பாதி கிழிக்கும்போது தெரிஞ்சுபோச்சு. நிறுத்தல" என்றாய்.

மறுநாள் காலையில் கண்டமங்கலம் போனோம். "பொண்ணைக் கேக்காம பேசிட்டேங்க, தப்பு என்னுதுங்க" என்று கைகூப்பினாய். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நிற்கவைத்தே திட்டினார். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. திரும்பும்போது பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் உன் குரல். "கயலுக்குச் சொல்லிடாதடா. அப்பன் சினிமா பாத்துட்டுப் பத்திரிகையைக் கிழிச்சான்னா எனக்கு இன்னா மரியாதை? மாப்ள வூட்ல ஒத்துவரலன்னு சொல்லிக்கிறேன்." சிரித்துக்கொண்டே சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தப் பொய் அவளை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று உனக்குத் தெரியாது. போன ஐப்பசியில் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவிலேயே நீ சாய்ந்தாய், அப்புறம் எழவே இல்லை. நார்வேயிலிருந்து அவள் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். "சம்பந்தம் நின்னுபோச்சுன்னு வேற வழியில்லாமதான, மாமா, அப்பா என்னை அனுப்பினாரு? மனசார அனுப்பல. நான் போயிருக்கவே கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தியத்தை நினைத்து வாய் திறக்காமல் நின்றேன். அந்தக் கோழைத்தனத்துக்காக என்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டேன்.

முந்தாநாள் அந்த இடம் வந்தபோது பக்கத்து சீட் காலியாக இருந்தது. அழுவேன் என்றுதான் நினைத்தேன். அழவில்லையடா, உடம்பெல்லாம் அதே துள்ளல்! திரையில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு ஒரு அப்பன் தன் பயத்தைக் கிழித்துப் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இது அவள் சொத்து. இதை வைத்துக்கொள்ள நான் யார்?

இன்று ஞாயிற்றுக்கிழமை, கயல் போன் செய்தாள். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். உன் மரியாதை போயிற்று, வேண்டுமானால் கோபித்துக்கொள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் கேட்டாள்.

"கிழிக்கும்போது அப்பா மூஞ்சி எப்படி மாமா இருந்துச்சு?"

தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த முகம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.