முதல் பதிப்பில் ஆறு பேர்

மார்ச் 4
ஒரு பழைய கணினி விளையாட்டின் மூன்று பதிப்புகளையும் ஒப்பிட்டு எழுதித் தருவதாக இணைய இதழுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பிளாப்பியில் வந்த முதல் பதிப்பு, பிறகு வந்த சிடி பதிப்பு, இப்போது விற்கிற புதுப்பிப்பு. ஆறு பேர் கொண்ட குழு இருண்ட ராஜ்யத்தைக் கடந்து போகும் அதே ஆட்டம்தான்.

பக்கத்து அறையில் தம்பி. நுரையீரல். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு ஒரே ஆசை, முதல் பதிப்பின் முடிவைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் கடைசி பிளாப்பி கெட்டுப்போய், இருவருமே பார்க்காமல் விட்டது. பழைய ஆறு பேரையே மறுபடி உருவாக்கி ஆடுகிறான். வாள் வீசுபவள் பெயர் ராட்சசி. நான்தான். வைத்தியன் பெயர் ஊசி. ஒல்லியாக இருக்கிறான் என்று நான் தம்பிக்கு வைத்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிட நா எழவில்லை.

மார்ச் 9
குழுவில் ஒருவர் இறந்தால்: முதல் பதிப்பில் இறந்ததுதான். உடலைச் சுமந்துகொண்டே போக வேண்டும், இறக்கிவைக்க வழியில்லை. சிடி பதிப்பில் கோயிலில் எழுப்பலாம். புதுப்பிப்பில் சண்டை முடிந்ததும் தானே எழுந்துவிடுகிறார்.

சிடி பதிப்போடு வந்த திருத்தப் பட்டியலில் ஒரு வரி: முதல் பதிப்பின் இறுதித் திரையில் இறந்தவர் பெயரும் வந்துகொண்டிருந்தது, சரிசெய்யப்பட்டது. என் அட்டவணையில் 'பிழைகள்' என்பதன் கீழ் சேர்த்தேன்.

"புதுசுல யாரும் சாகவே மாட்டாங்களா? கொடுத்து வச்சவங்க" என்றான் தம்பி.

மார்ச் 14
ஊசி செத்துவிட்டான் — ஆட்டத்தில். சதுப்பு நிலத்தில், விஷம். முதல் பதிப்பு தானாகவே சேமித்துக்கொள்ளும். பின்னால் போக முடியாது. "வைத்தியனே போயிட்டான், இனி யாருக்கு யாரு வைத்தியம் பாக்குறது?" என்று தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

மார்ச் 15
மத்தியானம் அவன் தூங்கும்போது அவனுடைய ஆட்டத்தைச் சிடி பதிப்புக்கு மாற்றி, கோயிலில் ஊசியை எழுப்பி வைத்தேன். நகல் எடுத்துக்கொண்டுதான் செய்தேன். பிளாப்பி கெட்டதிலிருந்து வந்த அந்தப் பழக்கம் மட்டும் போகாது. படங்கள் அச்சாக ஒன்றுபோல இருக்கும், பதிப்பு மாறியதைக் கண்டுபிடிக்க மாட்டான், ஊசி பிழைத்ததை ஆட்டத்தின் ஏதோ கோளாறு என்று நம்பிவிடுவான் என்று நினைத்தேன்.

எழுந்து கொஞ்ச நேரம் ஆடினான். "தண்ணி சத்தம் கேக்குதுக்கா. நம்ம ஆட்டத்துல தண்ணிக்குச் சத்தமே கிடையாதே."

நான் ஒலியைக் குறைத்தேன்.

"என்னை ஏமாத்துறியா, உன்னையே ஏமாத்திக்கிறியா?"

எனக்கு வந்ததே கோபம். ஆமாடா, ஏமாத்துறேன், அதுக்கென்ன இப்போ? நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டு நியாயம் பேசு, நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா — எல்லாம் வாய்க்குள்ளேயே. நகலைத் திரும்ப வைத்தேன்.

"தூக்கிட்டுப் போக்கா. கனமாத்தான் இருக்கும்." கீபோர்டை என் பக்கம் தள்ளினான். விரல்களெல்லாம் வீங்கியிருந்தன.

மார்ச் 17
அவன் வழி சொல்கிறான், நான் நகர்த்துகிறேன். பிணத்தோடு சதுப்பைத் தாண்டவே பொழுது போய்விட்டது. நடுவில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கோட்டை வாசலில் நிறுத்தினோம். நாளைக்கு முடிச்சிடலாம் என்றான்.

மார்ச் 18
காலையில் தம்பி போய்விட்டான்.

மார்ச் 30
இதழிலிருந்து கேட்டார்கள். ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடா?

ஏப்ரல் 11
ஆட்டத்தை முடித்தேன். கோட்டைக்குள் இரண்டு தடவை பின்வாங்கி ஓடினேன். ஊசியின் கனத்தோடு ஓடவும் முடியவில்லை.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இசைகூடக் கிடையாது. ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு பெயர்கள். நாலாவது ஊசி. மற்ற ஐந்து பேரைப் போலவேதான், ஒரு வித்தியாசமும் இல்லை.

"பாத்தியாடா ஊசி" என்று வாய்விட்டே சொன்னேன்.

அட்டவணையைத் திறந்து, இறந்தவர் பெயரும் வரும் என்ற அந்த வரியை 'பிழைகள்' என்பதன் கீழிருந்து எடுத்துவிட்டேன். வேறெங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்குத் தனியாக இருக்கிறது.