கல் உருளைக்கு ஒரு நாள்

5-9-1938, திங்கள்

இண்டூருக்குத் தெற்கே போகும் ரோட்டில் ஜல்லி பரப்பியாயிற்று. கல் உருளை ஓட்டவேண்டும். நஞ்சப்பனின் மாடுகளும் ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்தால்தான் அது அசையும். இன்று மாடு வரவில்லை. "சோமவாரம் பசவனுக்கு ஓய்வுங்க. நுகம் வெக்கக் கூடாதுங்க" என்கிறான். காளையைப் பசவன் என்றுதான் சொல்வான். அடுத்த செவ்வாய் இன்ஜினியர் வருகிறார். ரோடு முடியாவிட்டால் எனக்கு வேலை கிடையாது என்று சொல்லியிருக்கிறார்.

6-9-1938, செவ்வாய்

மாடு வந்தது. ஜல்லி உடைக்கும் பெண்கள் வரவில்லை. "ஞாயித்துக்கெழம பூசை, செவ்வாக்கெழம அந்தோணியாருங்க" என்று அவர்களில் மூத்தவள் சகாயமேரி நேற்றே சொன்னாளாம். யாரிடம்? மாட்டிடமா?

7-9-1938, புதன்

சந்தை. நானும் உருளையும்தான்.

உருளை இழுக்கும் வத்தல்மலைத் தீர்த்தனும் அவன் ஆட்களும் வெள்ளி, சனி சாமைக்காட்டைப் பார்க்க மலையேறிவிடுவார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மிச்சம் வியாழன் ஒன்றுதான். நாளைக்கே வியாழன்!

8-9-1938, வியாழன்

எல்லாரும் வந்தார்கள். மாடு பூட்டியாயிற்று. "சொல்லுங்க ஓவர்சியரய்யா!" என்றார்கள். வாயைத் திறந்தேன் — மூடிக்கொண்டேன். வியாழன் தெற்கே சூலம். ரோடு போவது தெற்கே. என் அப்பா வியாழக்கிழமை தெற்கே போய்த்தான் வண்டி கவிழ்ந்து காலை ஒடித்துக்கொண்டார். நான் மெட்ரிகுலேஷன் படித்தவன். இத எப்படிச் சொல்றது? வெக்கக்கேடு!

சொல்லியே விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். நான் ஓரமாக நிற்கிறேன், நீங்கள் இழுங்கள் என்றேன். "உங்களுக்கு ஆவாதுன்னா வேணாமுங்க" என்றான் தீர்த்தன். நஞ்சப்பன் மாட்டை அவிழ்த்துவிட்டான். அட பாவிகளா, போகப்போவது என் வேலை!

9-9-1938, வெள்ளி

மலைக்காரர்கள் போய்விட்டார்கள். இன்ஜினியர் வர இன்னும் நான்கு நாள்தான்.

12-9-1938, திங்கள்

நஞ்சப்பன் அண்ணன் தம்பி, மச்சான் என்று ஒரு கூட்டத்தையே கூட்டி வந்தான். மாடுகளைப் புளியமரத்தடியில் கட்டிவிட்டுக் கயிற்றைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். "ஓய்வு மாட்டுக்குத்தானுங்க. எனக்கில்லீங்க." தீர்த்தன் ஆட்கள் இழுத்தார்கள், சகாயமேரி கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நானும் கயிற்றைப் பிடித்தேன். உருளை நகர்ந்தது. மாடுகள் அசைபோட்டபடி எங்களை மேற்பார்வை பார்த்தன.

பாதியில் கார் சத்தம். ஒரு நாள் முன்னதாகவே இன்ஜினியர்! "மாடு சும்மா நிற்கிறது, மனிதர்கள் இழுக்கிறீர்களே, ஏன்?" என்றார்.

"இன்றைக்கு அதுகளுக்கு லீவு சார்" என்றேன். மூச்சு வாங்கியதில் வேறு பதில் வரவில்லை.

என்னைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். ரோடு சரியாக வருகிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4-1-1939, புதன்

பொம்மிடிக்கு மாற்றல். புது ரோடு, புது ஆட்கள். எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன்பே, யாருக்கு எந்த நாள் ஆகாது என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்கள். சரி, நானே ஆரம்பிக்கிறேன் என்று, "எனக்கு வியாழன் தெற்கே ஆகாது" என்றேன்.

ஓரத்தில் நின்ற குள்ளம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "எனக்கு சனிக்கெழமைங்க" என்றாள்.