பச்சைப் பொத்தான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் உடம்பைப் பொறுத்தவரை எல்லாரும் சுகம், அம்மாவின் முட்டிவலிகூடக் குறைந்திருக்கிறது. நீ சுகமா என்ற கேள்வியை வழக்கம்போல முதல் வரியிலேயே கேட்டுத் தள்ளிவிடப் போவதில்லை, கடைசியில் கேட்கிறேன், காரணம் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தம்பியின் பள்ளிக்கூடத்தில் மாணவர் மனநலம் என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், அதில் மூன்று பொத்தான், சிரிக்கிற பச்சை மூஞ்சி, உம்மென்று ஒரு மஞ்சள் மூஞ்சி, அழுகிற சிவப்பு மூஞ்சி. உள்ளே வருகிற பிள்ளை அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அதை அழுத்த வேண்டும். அதுவரைக்கும் சரி. அப்புறம் எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ, எந்த வகுப்பில் பச்சை அதிகமோ அந்த வகுப்புக்கு வாரா வாரம் ஷீல்டு என்று அறிவித்துவிட்டார்கள். குட்டிச்சுவராகப் போனது அங்கேதான். நீ என் வேலையைப் பார்த்து வளர்ந்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் சலவை ஆலையில் பாய்லருக்குள் நீராவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டத்தான் கேஜ். அதில் முள் சிவப்புக்குப் போகாத ஷிப்டுக்குப் பரிசு என்று சொல்லிப் பார், மறுநாளே எவனாவது முள்ளை நூல் போட்டுக் கட்டிவிடுவான்.

உன் தம்பி முதல் வாரம் பூராவும் சிவப்பையே அழுத்தியிருக்கிறான். அவனுக்குப் பொய் வராது, சொன்னால் காது சிவந்துவிடும், உனக்குத்தான் தெரியுமே. ஏன்டா சிவப்பு என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே, கேட்கவில்லை. வகுப்பு டீச்சர் கேட்டது வேறு, உன்னாலதானே நம்ம கிளாஸுக்கு ஷீல்டு போச்சு என்று, மொத்த வகுப்புக்கும் முன்னால். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இவன் விரல் வீங்கியிருப்பதைப் பார்த்து அம்மா கேட்டதற்குக் கதவில் மாட்டிக்கொண்டது என்றானாம், காது சிவந்துதான் இருந்தது என்று அம்மா இப்போது சொல்கிறாள்.

போன திங்கட்கிழமை வேன் வரவில்லை, நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கேட்டில் மூன்று பையன்கள் இவனுக்காகக் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஏதோ பழைய சிநேகிதர்கள் மாதிரி சிரித்துக்கொண்டே வந்து, ஒருத்தன் இவன் அட்டையை எடுத்துக் காட்ட, இன்னொருத்தன் இவன் விரலைப் பிடித்து மடக்கிப் பச்சையில் அமுக்கினான். காவல்காரர் வரிசையை நகர்த்துகிற அவசரத்தில், பச்சைதான் தம்பி, சட்டுனு அமுக்கிட்டுப் போங்க என்கிறார். இவன் கையை உதறக்கூட இல்லை பாப்பா, தானாகவே நீட்டினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையனோட அண்ணனா, அப்பா வரலையா என்றார். இருபது வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டவனுக்கு ஆயுசுக்கும் இந்தக் கேள்விதான். அப்பா நான்தான் என்று சொல்லி, பார்த்ததைச் சொன்னேன். பசங்க விளையாட்டு, பெருசு பண்ணாதீங்க சார், நம்ம ஸ்கூல்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க என்று சுவரில் தொங்கும் படத்தைக் காட்டினார். பாய்லர் கேஜில் முள்ளைக் கட்டிவைத்தவனுக்கு எங்கள் ஆலையில் ஷீல்டு தர மாட்டோம், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். குழந்தைகளும் பாய்லரும் ஒண்ணா சார் என்று கேட்டார். "இல்ல மேடம். பாய்லரை தினமும் ஒரு ஆள் கிட்ட போய்ப் பாக்கறான்" என்றேன். ஆலோசகர் என்று ஒரு அம்மா, பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே வேலைக்கு வைத்தவர், ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். "எந்தப் பிள்ளை எதை அமுக்குச்சுன்னு கிளாஸ் டீச்சருக்குத்தான் போகும், எனக்குப் பேரு வராதுங்க, சதவீதம் மட்டும்தான் வரும்" என்றார். வராத டீச்சர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரம் போதவில்லையாம். நான் வெளியே வந்தேன், மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன், ஒயரை ஒழுங்காகச் சுற்றிக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்துச் சொத்தில் கை வைத்தேன் என்று புகார் வந்திருக்கிறது. வரட்டும். பிள்ளை நாளைக்கும் அங்கேதான் படிக்கணும், நீங்க வீராப்பு காட்டிட்டு வந்துட்டீங்க என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொல்வதும் வாஸ்தவம்தான். மறுநாள் மெஷின் மறுபடி ஓடியது, ஷீல்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பையன்கள் இவனைத் தொடவில்லை, பேசவும் இல்லை.

ஆனால் அந்த ஆலோசகர் அம்மா யார் சொல்லியோ, சொல்லாமலோ, கேட்டில் வந்து நின்றிருக்கிறார். இவன் தன் விரலால் தானே சிவப்பை அழுத்தியிருக்கிறான். என்னப்பா ஆச்சு என்று கேட்டாராம். அவ்வளவுதான், அவ்வளவேதான். இவன் பக்கத்தில் உட்கார்கிற பையன் வேறு ஊருக்குப் போய்விட்டானாம், அதிலிருந்து இவன் மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே இது தெரியவில்லை. இந்த ஒரு வரியைக் கேட்பதற்கு மெஷின் எதற்கு, ஷீல்டு எதற்கு, சுவரில் படம் எதற்கு என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அந்த அம்மாவும் இவனும் மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், நேற்று இன்னொரு பையனும் வந்து உட்கார்ந்தானாம், அவனும் சிவப்புக் கேஸ்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், நல்லாருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. போன வாரம் சாயங்காலத்தில் கூப்பிட்டால் ஹாஸ்டலில் உன் ரூம் சிநேகிதி எடுத்து, அவ தூங்கறா அங்கிள், இப்பல்லாம் எப்பவும் தூங்கிட்டேதான் இருக்கா என்றாள். நீ பச்சையை அழுத்திக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டில் யாருக்கும் ஷீல்டு கிடையாது. காலேஜுக்குக் கட்டிய பணம் வீணாகுமே, அப்பா கத்துவாரே என்றெல்லாம் நினைக்காதே, கத்தினால் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கத்துவேன், உன்னைப் பார்த்து இல்லை. படிப்பு வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது, காரணம் தெரியவில்லை என்றாலும் எழுது. ஒரு வார்த்தை போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன், லீவெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன்.

கண்ணாடியை மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது பையின் முன் ஜிப்பில் இருக்கிறது, மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அது நிஜமாகவே இருக்க வேண்டும். கடைசியில் கேட்கிறேன் என்றேனே, இப்போது கேட்கிறேன், அவசரமில்லை, யோசித்துப் பதில் சொல். எப்படி இருக்கிறாய்?

அண்ணன் இல்லை,
உன் அப்பா