ரூபாலி அக்கா நெய்த துணி

ஏப்ரல், கடைசி ஞாயிறு

தூக்கம் வரவில்லை.

அஸ்ஸாம் மலையூரில் நாங்கள் சுற்றுலா போய்த் தங்கிய வீட்டின் ரூபாலி அக்கா இன்று மதியம் வீடியோ காலில் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்வதைக் காட்டினார். நானும் எங்கள் ஊர் பண்டமாரான் வெயிலைக் காட்டலாமென்று போனை வாசல் பக்கம் திருப்பினேன். அங்கே என் வீட்டுக்காரர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் கமோசா. பிஹு பண்டிகையன்று, தானே தறியில் நெய்ததென்று அக்கா என் கழுத்தில் மரியாதையாகப் போட்டுவிட்ட சிவப்புக் கரைத் துணி.

அக்காவின் முகம் மாறிவிட்டது. பிறகு சிரித்தார். “பரவாயில்லை, அதுவும் துண்டுதானே” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

“என்னங்க இது!” என்று இவரிடம் கத்தினேன்.

“பழைய துண்டுன்னு நெனச்சேன்லா. நீதானே துண்டுங்களோட மடிச்சு வெச்ச?”

ஆமாம், நான்தான். அங்கே இருந்தவரை கழுத்தைவிட்டு எடுக்காமல் திரிந்தவள், வீட்டுக்கு வந்ததும் துவைத்து மற்றதோடு அடுக்கிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். அக்கா பார்த்துவிட்டார். பதில் இல்லை.

இவர் இன்னும் குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். கிரீஸ் கறை போகவில்லை. “விடுங்க, கிழிஞ்சிடும். வந்து படுங்க” என்றேன்.

“இன்னும் ஒரு தரம்” என்கிறார்.