செவப்புக் கல்லுக்கு அந்தாண்ட

கோவில்பதாகை, ஆவடி
வியாழக்கிழமை

என் தங்கம் எழிலுக்கு அம்மா எழுதிக்கறது. இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்குப் பெருசா ஒண்ணும் இல்லாம இருக்கோம், அவருக்கு பிரஷர் மாத்திரைய மாத்திக் குடுத்திருக்காங்க, என் இடது முட்டி அப்படியேதான் இருக்கு, நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிர்ல சளி இருமல் இல்லாம நல்லா இருக்கணும்னு மாங்காட்டு அம்மனை வேண்டிக்கறேன். இன்னா இது, தினம் போன்ல மூஞ்சியப் பாத்துகினு இருக்கறவ திடீர்னு காயிதம் எழுதறாளேன்னு பாக்காத, காரணம் இருக்கு. போன் பண்ணா உங்கப்பா ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து நிப்பாரு, மெசேஜ் அனுப்பினா என் போனை எடுத்துப் படிப்பாரு, ரிட்டயர் ஆகியும் பத்திரிகைக்கார புத்தி போவல. எதிர்வீட்டு கார்த்திகா லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை உங்க டொரண்டோவுக்குத் திரும்பறா, பருப்புப் பொடி பாக்கெட்டுக்கு அடியில இதை வச்சு அனுப்பறேன். மாப்பிள்ளை கிட்ட இப்போதைக்குக் காட்டாத. அப்புறம், போன மாசம் வீடியோ கால்ல உன் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸுங்க முன்னாடி அந்த ஆவடி ஸ்டேஷன் கதையைச் சொன்னேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுகினியே, இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன் இல்ல, இன்னிவரைக்கும் வாயத் தொறக்கல, அதையும் தெரிஞ்சுக்க.

விஷயம் இன்னான்னா நம்ம வீட்ல ஒரு ஆளு வந்து தங்கியிருக்கான். கம்போடியாக்காரன். ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கே அந்த போட்டோ, தன்னை விட உசரமா துப்பாக்கிய வச்சுகினு ஒரு பையன் சிரிக்கறானே, அந்தப் பையன் நான்தான்னு சொல்லிகினு வந்திருக்கான். தொண்ணூத்திமூணுல நம்ம ராணுவக்காரங்க ஐ.நா. சபை சார்பா அங்க காவலுக்குப் போனப்ப பத்திரிகையில உங்கப்பாவையும் படம் எடுக்க அனுப்பினாங்க, நீ அப்ப மூணு வயசு, உன்னையும் என் ஃபேக்டரி வேலையையும் வச்சுகினு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அந்தப் படம்தான், ஆனா அந்த ஊரைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்ல, கேட்டா மழைன்னுவாரு, கொசுன்னுவாரு, எழுந்து போயிடுவாரு. அந்தப் படத்தை மொதல்ல பாத்தப்ப நான் துப்பாக்கிய எங்க பாத்தேன், சட்டையத்தான் பாத்தேன், நாள் பூரா ராணுவச் சட்டைக்குக் கை வச்சுத் தைக்கறவ ஆச்சே. பெரிய ஆளு சட்டை, கையை மடிச்சு மடிச்சு பந்து மாதிரி சுருட்டி விட்டிருந்துது. எந்தப் பாவி இதைக் கொழந்தைக்கு மாட்டினான்னு கேட்டேன், அதுக்கும் எழுந்து போயிட்டாரு.

இவனுக்கு இப்ப நாப்பத்தொரு வயசு இருக்கும், பேரு சோபாலாம், எனக்கு அது வாயில நுழையல, கோபால்னுதான் கூப்பிடறேன், அதுக்கும் திரும்பிப் பாக்கறான். அவன் பொண்ணு அந்த போட்டோவ நெட்டுல பாத்துட்டு உங்கப்பா பேரைக் கண்டுபுடிச்சாளாம், மூணு மாசமா ரெண்டு பேரும் மெசேஜ் போட்டுகினு இருந்திருக்காங்க, எனக்குத் தெரியவே தெரியாது. நான் உள்ள போனா போனைக் கவுத்து வைப்பாரு, நீயே சொல்லு, சந்தேகம் வருமா வராதா. உனக்குச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிடறேன், மொத நாள் சாப்பாடு போடறப்ப அந்த ஆளு காது, மூக்கு, உள்ளங்கை எல்லாத்தையும் நோட்டம் விட்டேன். அப்பால அவன் வயசைக் கணக்குப் போட்டுப் பாத்தேன், அவன் பொறந்த காலத்துல உங்கப்பா மெட்ராஸைத் தாண்டி எங்கயும் போனதில்ல, எங்க வீட்டுத் தெருவைத்தான் சுத்திகினு இருந்தாரு. அந்த மட்டுக்கும் நிம்மதி. ஆனா அது இல்லேன்னா அப்ப வேற இன்னா, இவன் எதுக்கு வந்திருக்கான், அதான் எனக்குத் தெரியணும்.

கேட்டா அங்க ரைஸ் மில்லு வச்சிருக்கானாம், அம்பத்தூர் எஸ்டேட்ல மெஷின் பாக்க வந்தானாம். மெஷின் பாக்க வந்தவன் மெஷினைப் பாத்துட்டுப் போவ வேண்டியதுதானே, லாட்ஜைக் காலி பண்ணிட்டு இங்க இன்னா வேலை. நம்ம தெருவே பேஜாராயிடுச்சு. கம்போடியான்னாலே இப்ப எல்லாருக்கும் பயம், கம்ப்யூட்டர் வேலைன்னு ஏமாத்திக் கூட்டினு போய் பசங்களை அடைச்சு வச்சு மோசடி பண்ண வைக்கறாங்கன்னு டிவியில வந்துகினே இருக்கே. மூணாவது வீட்டு நாகம்மாள் வாசல்லயே என்னை நிறுத்தி, என் பேரன் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு சும்மா இருக்கான், உங்க வீட்டு ஆளு அவன்கிட்ட பேச்சுக் குடுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்னு கறாரா சொல்லிட்டுப் போறா. எனக்கே அவன் மேல நம்பிக்கை இல்லாதப்ப அவளை எப்படிக் கோவிச்சுக்கறது.

ஆளு ரொம்ப நல்லவனா வேற இருக்கான், அதான் எனக்குப் புடிக்கல. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல, தட்டை அவனே கழுவி வைக்கறான், என்னைப் பாத்தா ரெண்டு கையும் கூப்பி நெத்தி வரைக்கும் தூக்கறான், இந்தக் காலத்துல இவ்ளோ மரியாதை எங்கயாவது உண்டா. வாசலுக்கு முதுகு காட்டி உக்கார மாட்டேங்கறான். எல்லாத்துக்கும் மேல, அந்த போட்டோ பக்கம் அவன் தலையே திரும்பறதில்ல. தன்னோட சின்ன வயசு படம்னா எவனாவது ஒரு தடவை நின்னு பாக்காம இருப்பானா, இவன் அதுக்குக் கீழயே உக்காந்து டிவி பாக்கறான், நிமிர்றதே இல்ல. உண்மையிலயே அதே பையன்தானான்னு உங்கப்பா கிட்ட கேட்டா, அவன்தான், எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்றாரு, எப்படித் தெரியும்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. அப்புறம் ரூம்ல போய்க் கதவைச் சாத்திகினு ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல மெதுவாப் பேசறாங்க, இவனுக்கு இங்கிலீஷ் வேற தெரிஞ்சிருக்கு. வெளிய வரப்ப உங்கப்பா மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு. அவன் எதையோ கேக்கறான், இவரு குடுக்க மாட்டேங்கறாரு, அவ்ளோதான் எனக்குப் புரியுது.

எதைக் கேக்கறான்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. நம்ம வீட்டுக்குப் பக்கத்துல உனக்குன்னு சொல்லி நான் வாங்கிப் போட்ட காலி ப்ளாட்டு இருக்கே, காலையில எழுந்தா அந்த ஆளு அதுக்கு முன்னாடிதான் நிக்கறான். உள்ள கால் வைக்கறதில்ல, ஓரமா நின்னு ஒவ்வொரு எல்லைக் கல்லா பாத்துகினே போறான், திரும்பி வரான். போன மாசம்தான் ப்ரோக்கர் தினகரன் சுத்துப்பக்கத்து ப்ளாட்டுக் கல்லுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சப்ப மிச்சமிருக்குன்னு நம்ம கல்லுக்கும் செவப்பு அடிச்சு விட்டுட்டுப் போனான், ரெண்டு பேரும் பேசி வச்சுகினு வேலை செய்யறாங்களோன்னு எனக்கு சந்தேகம். ஆன்லைன்ல வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், இன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேர் பேர்லதான் சுத்தமா இருக்கு, ஆனா உங்கப்பா இளகின மனசுக்காரரு, அழுதா எதுல வேணா கையெழுத்துப் போட்டுடுவாரு. நீ போன் பண்ணி நைஸா அவரு வாயப் புடுங்கு, நான் சொன்னேன்னு சொல்லாத.

சனிக்கிழமை

மேல எழுதினதைக் கிழிச்சுப் போடலாமான்னு பாத்தேன், மனசு வரல, அப்படியே இருக்கட்டும். நேத்து ஒண்ணு நடந்துடுச்சு. மாடியில காயப் போட்ட பெட்ஷீட்டு காத்துல பறந்து நம்ம ப்ளாட்டு நடுவுல முள்ளுச் செடி மேல போய் விழுந்துது. இவன் கல்லு கிட்ட நின்னுகினு இருந்தான், எடுத்துக் குடுன்னு கையைக் காட்டினேன், அசையல. சரி, நம்ம முட்டி வலியோட நாமளே போவோம்னு நான் ஒரு கால எடுத்து உள்ள வச்சேன் பாரு, பாய்ஞ்சு வந்து என் கையைப் புடிச்சு வெளிய இழுத்தான்! ஏதோ அவன் பாஷையில கத்தறான், என் நிலத்துல என்னைக் கால் வைக்க விட மாட்டேங்கறான். எனக்கு வந்துச்சே கோவம். அடப்பாவி, நான் நெனச்சது சரியாப் போச்சேன்னு தெருவே கேக்கற மாதிரி சத்தம் போட்டேன், நாகம்மாள் ஓடி வந்துட்டா.

உங்கப்பாவையும் அவனையும் ஹால்ல உக்கார வச்சேன். இது நான் தைச்சுத் தைச்சுக் கட்டின வீடு, என் கையைப் புடிச்சு இழுத்திருக்கான், இனிமே இந்த வீட்ல நீங்க ரெண்டு பேரும் இன்னா பேசினாலும் அந்தந்த வார்த்தைய எனக்குத் தமிழ்ல சொல்லிட்டுத்தான் மேல பேசணும்னு சொல்லிட்டேன். உங்கப்பா என்னை ஒரு மாதிரி பாத்தாரு, வேணாம் சாவித்திரின்னாரு. நான் விடல. மொதல்ல கல்லு சமாச்சாரத்தைக் கேட்டேன். அவங்க ஊர்ல செவப்பு அடிச்ச கல்லு நட்டிருந்தா அதுக்கு அந்தாண்ட கண்ணிவெடி எடுக்கலன்னு அர்த்தமாம், அவனோட கூட இருந்த பசங்க ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்களாம். இங்க வெடி கிடையாதுன்னு தலைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல, எங்கம்மா வயசுல ஒருத்தங்க கால் வைக்கறதைப் பாத்துகினு நிக்க முடியல, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டு மறுபடியும் கை கூப்பறான். நான் போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து அவன் முன்னாடி வச்சேன்.

சரி, எதுக்கு வந்தன்னு கேட்டேன். அவன் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்ல அந்தப் பையன் தவழ்ந்தது, விழுந்தது எல்லாத்தையும் அவங்கம்மா கதை கதையா சொல்றாங்களாம், நீ சின்ன வயசுல எப்படி இருந்தப்பான்னு பொண்ணு இவனைக் கேக்கறாளாம். சண்டைக்கு ஆள் சேக்கறவங்க இவனைப் புடிச்சுகினு போனப்ப அஞ்சோ ஆறோ வயசு, அம்மா மூஞ்சி ஞாபகம் இல்ல, கூடப் பொறந்தவங்க யாரும் கிடைக்கல, கூட சண்டை போட்ட பசங்களும் போய்ச் சேந்துட்டாங்க. என்னைச் சின்னப் புள்ளையா பாத்தவங்க இந்த உலகத்துல நீங்க ஒருத்தருதான், நான் எப்படி இருந்தேன்னு சொல்லுங்க, அதைக் கேக்கத்தான் வந்தேன்னான். பொண்ணு அந்த போட்டோவப் பெருசாப் போட்டு கல்யாண மண்டபத்துல வைக்கப் போறாளாம், அப்பா சிரிக்கறாரேன்னு அவளுக்கு சந்தோஷமாம். அது மட்டும் வேணாம்னு சொன்னான். ஏன்னு கேட்டேன், அவன் உங்கப்பாவப் பாத்தான்.

எழில், உங்கப்பா இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லாததை நேத்து தமிழ்ல சொன்னாரு. ரோட்டுல அந்தப் பசங்க மறிச்சு நின்னுகினு இருந்தப்ப சைக்கிள்ல ஒரு கெழவர் வந்தாராம், காது கேக்கலையோ இன்னாவோ நிறுத்தல, இந்தப் பையன் சுட்டுட்டான். கெழவர் அங்கயே போயிட்டாரு. அந்தக் கும்பல்ல இருந்த பெரியவங்க இவன் முதுகுல தட்டிக் குடுத்தாங்க, இவன் சிரிச்சான், அந்தச் சிரிப்பைத்தான் உங்கப்பா படம் புடிச்சாரு. அதைக் கேக்கக் கேக்க, நான் தமிழ்ல சொல்லுங்கன்னு புடிவாதம் புடிச்சதுக்கு என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருந்துது. நம்ம வீட்டு செவுத்துல, நாம சாப்பிடறப்ப தலைக்கு மேல, இத்தினி வருஷமா அது இருந்திருக்கு. அப்புறம், அது எனக்கு ஞாபகம் இருக்கு, தினம் ஞாபகம் வருது, அதைச் சொல்ல ஆள் வேணாம், வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்னான் அந்தப் புள்ள.

இருக்குன்னாரு உங்கப்பா. அதுக்கு மொத நாள் ராத்திரி ஜீப்பு ரிப்பேராகி உங்கப்பா அந்தப் பசங்க கூடாரத்துலயே தங்க வேண்டியதாயிடுச்சாம். நடு ராத்திரியில இவன் வந்து உங்கப்பாவ எழுப்பி, துப்பாக்கிய அவரு மடியில போட்டுட்டு, சட்டை நுனியப் புடிச்சு இழுத்தானாம். இன்னாடான்னு பாத்தா ஒண்ணுக்குப் போகணும், இருட்டுல தனியாப் போக பயம். துப்பாக்கி வச்சிருக்கறவனுக்கு பேய்னா பயம்! போய் நின்னும் சட்டைய விடலையாம், பாடுங்கன்னு ஜாடை காட்டினானாம், உங்கப்பாவுக்குப் பாட்டு எங்க வரும், ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிகினே நின்னிருக்காரு. முடிச்சுட்டு அவரு கையைப் புடிச்சுகினே வந்து பக்கத்துலயே படுத்து, வாயில விரலை வச்சுகினு தூங்கிட்டானாம்.

இதைக் கேட்டதும் அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கணுமே. நெஜமா, நெஜமாவா, விரலையான்னு நாலு தடவை கேட்டான், அழுதுகினே சிரிச்சான். உடனே பொண்ணுக்கு வீடியோ கால் போட்டு அவன் பாஷையில கடகடன்னு சொன்னான். அவ சிரிச்சா பாரு, அதை மட்டும் உங்கப்பா எனக்குத் தமிழ்ல சொல்ல வேண்டியிருக்கல. உங்கப்பா வாய்ப்பாடு சொல்ல அவ அங்கேருந்து ஓரெண்டு ரெண்டுன்னு திருப்பிச் சொல்றா. நான் போய் ஸ்டூலைப் போட்டு அந்த போட்டோவக் கழட்டினேன், யாரும் வேணாம்னு சொல்லல. செவுத்துல அந்த எடம் வெள்ளையாத் தெரிஞ்சுது, காலண்டர் மாட்டியிருக்கேன். தினகரனையும் வரச் சொல்லி கல்லுக்கெல்லாம் மஞ்சள் அடிக்கச் சொல்லிட்டேன்.

கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பெரியவங்களா வந்து உக்காந்து அந்த வாய்ப்பாடு கதையை எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு உங்கப்பாவக் கூப்பிட்டிருக்கான், அவரும் தலையாட்டிட்டாரு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுஷனை யாரை நம்பி தனியா அனுப்பறது, ஆயிரம் இருந்தாலும் கம்போடியா, நானும் கூடப் போறேன். உன் பிரசவத்துக்கு எடுத்த பாஸ்போர்ட்டு இன்னும் எவ்ளோ நாளைக்குச் செல்லும்னு உன்கிட்ட இருக்கற ஜெராக்ஸப் பாத்துச் சொல்லு. நாகம்மாள் கிட்ட நடந்ததைச் சொன்னேன், அவ நம்பல, அது அவ பாடு.

பாப்பாவுக்கு ராத்திரி தலைக்குக் குல்லா போடு, பருப்புப் பொடியில நெய் ஊத்திக் குடு. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும், அம்மாவும் அப்பாவும் மனசார ஆசீர்வாதம் பண்றோம். கடைசியா ஒண்ணு, கோவப்படாத. நீ அஞ்சு வயசுல ஆவடி ஸ்டேஷன்ல என் கையை விட்டுட்டு, நேரா போலீஸ்காரரு கிட்ட போய், எங்கம்மா தொலைஞ்சு போயிட்டாங்க, பாவம், அழுதுகினு இருப்பாங்க, தேடிக் குடுங்கன்னு கம்ப்ளெயின்ட் குடுத்தியே, அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நான் குடுத்த வாக்கை இத்தோட வாபஸ் வாங்கிக்கறேன். சொல்லுவேன். பாப்பாவுக்குப் பேச்சு புரிய ஆரம்பிச்ச அன்னிக்கு மொதல்ல அவகிட்டதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சாவித்திரி சுப்பராயன்