சம்பந்தி இறக்கிவிட்டுப் போன குளுக்கோஸ் பாட்டில்கள்

நல்லம்பள்ளி,
12.3.85

அன்பு மகள் ஞானமேரிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று உன் கையால் எழுதிப் போட்டால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். தபசு காலம் என்று ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்துவிடாதே, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வேண்டாம் என்று சாமியாரே சொல்லிவிட்டார். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று சரியான முரடு, உன் சாயல்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில்தான் எனக்குத் தலைவலி. சேலத்துக் கம்பெனிக்காரன் குளுக்கோஸ் பாட்டிலை இழுத்தடிக்கிறான் என்று, இனி உன் மாமனார் ஏஜென்சியிலேயே வாங்கலாம் என ஆஸ்பத்திரியை நடத்தும் மதர் முடிவு செய்தார்கள் அல்லவா, ஸ்டோர் கீப்பரான எனக்குச் சொந்தம் என்றால் சரக்கு சுத்தமாக வரும் என்ற நம்பிக்கைதான். போன வாரம் முதல் சரக்கோடு மதுரையிலிருந்து வேனில் அவரே வந்து இறங்கினார். யார் சரக்கு வந்தாலும் ஒவ்வொரு பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன், உனக்கே தெரியும். அன்றைக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன், சம்பந்தியைச் சாப்பிடக் கூப்பிட வந்த உன் அம்மா என்னைத் தனியே இழுத்து, "அவரு நிக்கறப்பவே அவரு சரக்கைத் தூக்கிப் பாப்பீங்களா, நம்ம புள்ள அந்த வூட்டுல வாழ வேண்டாமுங்களா" என்றாள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். முட்டைக் குழம்பு ஊற்றி உபசரித்து அவரை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால், பாதிக்கு மேல் பாட்டில்களில் பஞ்சு நூல் மாதிரி என்னவோ மிதக்கிறது.

போன் போட்டுச் சொன்னேன். "நல்லதாப் பொறுக்கி ஏத்துங்க சம்பந்தி, திருப்பி அனுப்புனா ஏஜென்சியே போயிரும், ஏழாம் மாசம் நம்ம புள்ளைய அங்க அனுப்பணும்ல" என்றார். அந்தக் கடைசிப் பேச்சு எதற்கு என்று எனக்குப் புரியாமலில்லை. மதரிடம் சொன்னால் உன் நிம்மதி போகும், சொல்லாவிட்டால் தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிற எவனோ ஒருவன் உயிர் போகும். எலிப்பொறிக்குள் மாட்டியது போல எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி. டாக்டர் கேட்கும்போதெல்லாம் பழைய பாட்டிலாக எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமை கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தது, அதோடு பழையது தீர்ந்தது. நேற்று டாக்டர் புதுப் பெட்டியை உடைக்கச் சொன்னார். சாவி என் இடுப்பில்தான் இருந்தது, கை போகவில்லை. நேராக மதரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டிகளை மதுரை லாரியில் ஏற்றியாகிவிட்டது, வேறு பாட்டில் வாங்கச் சேலத்துக்கு ஆள் போயிருக்கிறது.

உன்னை என்ன சொல்வார்களோ என்றுதான் கவலை. அம்மா என்னோடு பேசுவதில்லை. நீ யாரையும் எதிர்த்துப் பேசாதே, எங்கப்பா ஒரு கிறுக்கு என்று என் மேலேயே போட்டுவிடு. இரும்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. ஆரோக்கிய மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றுவாள்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிப்பது சம்பந்தி என்றால், அவருக்கும் என் தோத்திரம். நீங்கள் அனுப்பி வைத்தால் உங்கள் பேரப்பிள்ளை இந்த ஆஸ்பத்திரியில்தான் பிறக்கும் சம்பந்தி. உங்கள் மருமகள் கையில் ஏறுகிற பாட்டிலும் இந்த ஸ்டோரிலிருந்துதான் போகும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சவரி